எந்த வீட்டுக்கு மருந்து?

“வாயைத் தொற. நாக்கத் தூக்கு. சரி, போ.”

சென்னையில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பின்கட்டு. காலை ஒன்பது மணிக்கு மேல் இந்தக் குரல் அங்கே ஓயாது. புப்ரிநார்பின் மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் கொட்டுவார்கள். கரைய ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ ஆகும். அதுவரை எதிரிலேயே குந்தியிருக்க வேண்டும். கரைந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். பிரவுன் சுகரிலிருந்தும் ஊசியிலிருந்தும் மீண்டு வர நினைக்கிறவனுக்கு அரசாங்கம் கொடுக்கிற சிகிச்சை இது. நல்ல சிகிச்சைதான். எடுத்துக்கொள்கிறவன் செத்துப்போவது குறைகிறது, ஊசியைப் பங்கு போடுவது குறைகிறது, ஹெச்.ஐ.வி. பரவுவது குறைகிறது. அதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இந்தப் பத்து நிமிஷத்துக்காக ஒருவன் தினமும் வர வேண்டும்.

எங்கிருந்து வர வேண்டும்? எங்க பெரியம்மா மகன் பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது அடையாற்றங்கரை ஓரம். எங்கள் அம்மாக்கள் மயிலாப்பூர் மாட வீதி வீடுகளில் பின்வாசல் வழியாகப் போய்ப் பாத்திரம் தேய்த்தவர்கள். 2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்ததும் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்ற புதுப் பெயர் எங்களுக்கு வந்தது. ஆற்றின் வழியை அடைத்துக் கட்டிய பெரிய பெரிய கட்டடங்களுக்கு அந்தப் பெயர் வரவில்லை. லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்து எட்டடுக்குக் குடியிருப்பில் இறக்கினார்கள். அங்கிருந்து ஊருக்குள் வர இருபது கிலோமீட்டருக்கு மேல், இரண்டு பஸ். அண்ணன் பெயிண்டு அடிக்கிறவர். மேஸ்திரி ஆள் எடுப்பது காலை எட்டு மணி. மருந்து கொடுப்பது ஒன்பது மணி. மருந்தை வாங்கினால் வேலை போச்சு, வேலைக்குப் போனால் மருந்து போச்சு. மருந்து போனால் சாயங்காலத்துக்குள் மூக்கில் தண்ணீர் ஊற்றும், எலும்புக்குள் முறுக்கும், அப்புறம் எங்கே போய் நிற்பார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

2020 மார்ச் ஊரடங்கில் பஸ் நின்றது. அப்போதுதான் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று அனுமதித்தது. பத்து வருஷத்துக்கும் மேலாக ‘இவனுங்க கையில குடுத்தா வித்துடுவானுங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்த அதே நிர்வாகம், ஒரே வாரத்தில் மாத்திரையைப் பொட்டலம் கட்டியது. அண்ணனுக்கு முதல் தடவையாக ஒரு காலை நேரம் சொந்தமாகக் கிடைத்தது. ஊரடங்கு முடிந்தது, பஸ் ஓடியது, பழையபடி ‘தினமும் வா’.

இங்கே ஆராய்ச்சி உள்ளே வருகிறது.

2022-இல் தி. நகரில், பனகல் பூங்காவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடி அலுவலகத்தில் நான் கூலிக்கு வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். வீட்டுக்கு மருந்து கொடுத்த திட்டம் எப்படி இருந்தது என்று, மருந்து வாங்கியவர்களிடமே கேட்டு எழுதுகிற ஆய்வு. தலையை எண்ணாமல் வாயைக் கேட்கிற ஆய்வு. பண்புசார் ஆய்வு என்று இதற்குப் பெயர். மொத்தம் இருபத்திரண்டு பேட்டி. எட்டை நான் எடுத்தேன், மிச்சத்தை ஒரு மேடம் எடுத்தார். எல்லா ஒலிப்பதிவையும் எழுத்தாக்கி இங்கிலீஷில் மாற்றுவதும் என் வேலை. பட்டியலில் அண்ணன் பேர் வந்தது. உறவுக்காரர் என்று சொன்னேன். “அப்ப நீங்க எடுக்கக் கூடாது, பக்கச்சார்பு வந்துடும்” என்றார்கள். நியாயம்தான் என்று நானும் தலையாட்டினேன். மேடம் எடுத்தார். அண்ணன் ‘பங்கேற்பாளர் 14’ ஆனார். இதையெல்லாம் அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். “எழுது, ஆனா பேர் போடாத” என்றார்.

பேட்டி நடந்த இடம், மருந்து கொடுக்கிற அதே கட்டடம். மருந்து கொடுக்கிற அறைக்கு அடுத்த அறை. ஒலிப்பதிவில் பின்னால் ‘நாக்கத் தூக்கு’ கேட்கிறது. அண்ணன் குரல் இப்படி வருகிறது: “நல்லா இருக்கு மேடம். டயத்துக்கு எடுத்துக்கறேன் மேடம். பீரோல வெச்சுப் பூட்டிடுவேன் மேடம். யாருக்கும் குடுக்க மாட்டேன் மேடம். ரொம்ப தேங்க்ஸ் மேடம்.” பன்னிரண்டு நிமிஷத்தில் முப்பத்தொரு ‘மேடம்’. நான் எண்ணினேன். பண்புசார் ஆய்வில் எண்ணக் கூடாது என்பார்கள், மன்னிக்கவும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கம் போனேன். “ஏண்ணா, வூட்ல பீரோ எங்க?” என்றேன். சிரித்தார். மாத்திரை முதலில் அரிசி டப்பாவில் இருந்தது. எலி வந்ததால் அண்ணியின் சுருக்குப் பைக்குப் போனது. ராத்திரியும் அது அண்ணி இடுப்பிலேயே இருந்தது. பதினாலு நாளைக்குக் கொடுத்ததை அவர் பதினாலு நாளில் சாப்பிடவில்லை. பாதிப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டார். “திடீர்னு நிறுத்திட்டாங்கன்னா? கையில நாலு இருந்தா நாலு நாள் ஓடும்ல?” கீழ்வீட்டுப் பையன் ஒருத்தன் ஊரடங்கில் சரக்கு கிடைக்காமல் கைகால் உதறித் தரையில் கிடந்தான். அவனை மையத்தில் சேர்க்கவில்லை, விலாசச் சான்று கேட்டார்கள். அவனுக்கு இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார். விலைக்கு இல்லை, சும்மா. “கண்ணு முன்னாடி ஒருத்தன் சாவறான்னா இன்னா பண்றது?”

“இதை ஏன் மேடத்துகிட்ட சொல்லல?”

“சொன்னா நாளைலேர்ந்து டெய்லி வான்னுவாங்க. நீயா இருந்தா சொல்லுவியாடா?”

நண்பர்களே, இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் இப்படிப்பட்ட ஆய்வு ஒவ்வொன்றின் தரத்தையும் நான் அளக்கச் சொல்கிறேன். உண்மையைச் சொன்னதற்காக அடுத்த வேளை மருந்து போகாது என்ற நம்பிக்கை அவனுக்கு இருந்ததா? இல்லையென்றால் அந்த எழுத்துப் பிரதி எதற்குச் சான்று? மருந்து கொடுக்கிறவன் எதைக் கேட்க விரும்புகிறான் என்று மருந்து வாங்குகிறவன் சரியாகக் கணித்து வைத்திருக்கிறான் என்பதற்குத்தான்.

அறிக்கை வந்தது. மூன்று ‘கருப்பொருள்’கள் கண்டுபிடித்திருந்தார்கள்: நன்றியுணர்வு, குடும்ப ஆதரவு, பொறுப்புணர்ச்சி. நாலாவதாகக் குட்டியாக ஒன்று: ‘மற்றவர்கள் மருந்தைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்று பங்கேற்பாளர்களே கவலைப்படுகிறார்கள்.’ இருபத்திரண்டு பேரில் ஏறக்குறைய எல்லாரும் இதைச் சொல்லியிருந்தார்கள். ‘நான் ஒழுங்கு, மத்தவன்தான் விப்பான்’ என்று. விசாரணையில் மாட்டியவன் வேறென்ன சொல்வான்? போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு ராத்திரி குந்தியவனுக்கு இந்தப் பதில் பாடம். அந்தக் குட்டி வரியைத்தான் மையத்தில் எடுத்துக்கொண்டார்கள். ‘ஆராய்ச்சியே சொல்லுது’ என்று அண்ணனிடம் சொன்னார்களாம். அவர் சொன்னதை வைத்தே அவருக்குப் பூட்டு.

அறிக்கையின் கடைசியில் ஒரு படிவம் இணைத்திருந்தது. கோரெக் என்பார்கள். 2007-இல் டாங், செயின்ஸ்பரி, கிரெய்க் என்ற மூன்று பேர் உண்டாக்கியது. பேட்டியை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு எதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 32 கேள்விகள். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் இதைக் கேட்கின்றன. எங்கள் அறிக்கை 32-க்கும் டிக் அடித்திருந்தது. பேட்டி எடுத்தவர் யார்? எழுதியாச்சு. படிப்பு? முதுகலை. ஆணா பெண்ணா? பெண். பயிற்சி உண்டா? உண்டு. பங்கேற்பாளரோடு முன்பே உறவு இருந்ததா? இல்லை. டிக், டிக், டிக்.

ஆணா பெண்ணா என்று கேட்கிற படிவம் என்ன சாதி என்று கேட்கவில்லை. வெள்ளைக்காரன் ஊரில் தயாரான படிவம், அவனுக்குச் சாதி தெரியாது, விடுங்கள். ஆனால் அதே படிவத்தில், பேட்டி எடுத்தவரின் முன்முடிவுகள், சார்புகள், இந்த ஆய்வில் அவருக்கு என்ன அக்கறை என்று கேட்கிற எட்டாவது கேள்வி இருக்கிறதே? அந்த இடத்தில் அடையாறிலிருந்து வந்த மேடம் தன் சாதியை எழுதலாமே? எழுத மாட்டார்கள். கேட்பது அநாகரிகமாம். பங்கேற்பாளர் பட்டியலில் மட்டும் வயசு, படிப்பு, தொழில், கல்யாணம், ஊசி போட்ட வருஷம், ஜெயிலுக்குப் போன தடவை எல்லாம் அநாகரிகம் இல்லாமல் வந்துவிடும். மேடம் கெட்டவர் இல்லை. நல்ல பெண். ஒரு பேட்டியில் அழுதேவிட்டார், ஒலிப்பதிவில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் இருக்கிறது. அவர் அழுததும் எதிரே இருந்தவர், “அழாதீங்க மேடம், இப்ப நல்லாயிட்டேன்” என்று அவரைத் தேற்றுகிறார். பிறகு அந்தப் பேட்டியில் கெட்ட சேதி ஒன்றுமே வரவில்லை.

சரி, நான் மட்டும் யோக்கியமா? என்னுடைய எட்டுப் பேட்டியில் ஒன்று. என் அப்பா வயசு இருக்கும் அவருக்கு. நான் கேள்வி கேட்க ஆரம்பிக்கும் முன் அவர் கேட்டார்: “தம்பி எங்க இருக்கீங்க?” “மந்தைவெளி.” “மந்தைவெளில எங்க?” இந்த இரண்டாவது ‘எங்க’ என்னவென்று இந்த ஊரில் வளர்ந்த எவனுக்கும் தெரியும். அது தெருவைக் கேட்கிற கேள்வி இல்லை. நான் பெரிய ரோட்டின் பேரைச் சொன்னேன். வாடகைக்கு இருக்கிற வீடு அங்கேதான், பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. “ஓ” என்றார். அதோடு அவர் கதவைச் சாத்திக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் பேசினார், எல்லாம் வராந்தாப் பேச்சு. ஆற்றங்கரை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் உள்ளே கூப்பிட்டிருப்பார். படிவத்தில் எனக்கும் ‘ஆண், பயிற்சி பெற்றவர்’ என்று டிக்.

உறவு இருந்தால் பக்கச்சார்பு என்கிறார்களே, தூரம் இருந்தால் வருவதற்கு என்ன பேர்? அதற்கு ‘நடுநிலை’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். சேரிக்காரன் சேரிக்காரனிடம் கேட்டால் சார்பு. அடையாறு பெரும்பாக்கத்திடம் கேட்டால் அறிவியல். கோபால் குரு 2002-இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் எழுதிய கட்டுரை இதைத்தான் தோலுரித்தது. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்கிறவர்கள் ஒரு சாதியாகவும் தகவல் சுமந்து கொடுக்கிறவர்கள் இன்னொரு சாதியாகவும் பிரிந்து கிடக்கிறார்கள் என்றார். இருபது வருஷம் கழித்து, தி. நகர் மாடியில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் அந்தச் சுமையைத்தான் தூக்கிக்கொண்டிருந்தேன்.

சுமந்தது மட்டும் இல்லை, வழியில் கொட்டியும் இருக்கிறேன். பேட்டியில் ஒருத்தர் சொன்னார்: “மொத நாளு மாத்திரையக் கைல குடுத்தாங்கோ பாரு, அன்னிக்கித்தான் என்னையும் ஒரு மன்சனா நம்பிக் குடுக்கறாங்கன்னு தோணிச்சு. பஸ்ஸுல அத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினே வந்தேன்.” இதை நான் இங்கிலீஷில் எப்படி எழுதினேன் தெரியுமா? ‘வீட்டுக்கு மருந்து கிடைத்ததால் சுயமதிப்பு உயர்ந்ததாகப் பயனாளி தெரிவிக்கிறார்.’ பஸ் போச்சு, தொட்டுப் பார்த்த கை போச்சு, ‘நம்பி’ போச்சு. இன்னொருத்தர் சாக்கடைக் குழியில் இறங்கி வேலை செய்தவர். முதலில் சாராயம், அப்புறம் பவுடர். குழிக்குள்ளிருந்து எதை இழுத்து வெளியே போட்ட அன்றைக்கு முதல் தடவை பவுடர் இழுத்தார் என்று சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. அவர் கூட இருந்தவர்தான் பவுடரைக் கொடுத்தவர். அறிக்கையில் அது ‘நண்பர்களின் அழுத்தம்’ என்ற தலைப்புக்குக் கீழே போய் உட்கார்ந்தது. மலக்குழியில் மனிதனை இறக்குவதைத் தடை செய்து 2013-இல் சட்டம் வந்தாச்சு. ஆகவே குழி கிடையாது, நண்பர்கள் மட்டும்தான் உண்டு.

பூரிதநிலை என்று ஒன்று சொல்வார்கள். பேட்டி எடுத்துக்கொண்டே போகும்போது புதுசாக ஒன்றும் வராமல், சொன்னதையே எல்லாரும் சொல்ல ஆரம்பித்தால் தரவு நிறைந்துவிட்டது, நிறுத்திக்கொள்ளலாம். கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-இல் வேறொரு அர்த்தத்தில் ஆரம்பித்த வார்த்தை இது. 2006-இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற மூவர், கானாவிலும் நைஜீரியாவிலும் அறுபது பெண்களிடம் எடுத்த பேட்டிகளைப் பரிசோதித்து, முதல் பன்னிரண்டு பேட்டிக்குள்ளேயே பெரும்பாலும் எல்லாம் வந்துவிட்டது என்றார்கள். அதிலிருந்து ‘பன்னிரண்டு போதும்’ என்பது மந்திரமாகிவிட்டது. ஆட்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்து, கேள்வியும் குறுகலாக இருந்தால்தான் என்று அவர்களே போட்ட நிபந்தனையை ஒருத்தரும் படிப்பதில்லை. எங்கள் அறிக்கையும் பதினைந்தாவது பேட்டியில் பூரிதம் என்றது. பயம் பூரிதமாகியிருந்தது. எல்லாருக்கும் மாத்திரை வேண்டும், எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். பிளாட்பாரத்தில் படுப்பவனும், பெரும்பாக்கத்துக்காரனும், தி. நகரில் சொந்தக் கடை வைத்திருந்து ஊசிக்கு வந்தவனும் ‘ஒரே மாதிரி ஆட்கள்’ ஆகிவிட்டார்கள், ஏனென்றால் சாதியையும் விலாசத்தையும் கேட்கவே இல்லை.

மறுத்தவர்கள் எத்தனை பேர், ஏன் என்று கேட்கிற கேள்வியும் அந்த 32-இல் இருக்கிறது. ‘ஐந்து பேர், நேரமின்மை’ என்று எழுதினோம். அவர்களில் ஒருத்தர் வாசலில் என்னிடம் சொன்னது: “ரத்தம் எடுத்தீங்கோ, மூத்திரம் எடுத்தீங்கோ. இப்ப வாயையும் எடுக்க வந்துக்கிறீங்கோ.” நேரமின்மை!

அவர் சொன்னதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1986-இல் இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது இந்தச் சென்னையில்தான். காப்பகத்தில் அடைத்து வைத்திருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களின் ரத்தத்தில். எதற்கு ரத்தம் எடுக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை என்று, எடுத்த மருத்துவரே பல வருஷம் கழித்துப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பாராட்டு வந்தது, வரட்டும், பெரிய வேலைதான். அந்தப் பெண்களின் பேர் யாருக்குத் தெரியும்?

ஊசிக்கு வருவோம். எண்பதுகளில் பிரவுன் சுகர் இந்த ஊரின் சந்துகளுக்குள் புகுந்தது. தொண்ணூறுகளில் அது விலையேறித் தட்டுப்பாடானபோது, பையன்கள் மருந்துக் கடையில் கிடைத்த புப்ரிநார்பின் ஊசிக்குப் போனார்கள். ஆமாம், இன்றைக்கு நாக்குக்கு அடியில் போடுகிற அதே மருந்து, அன்றைக்கு நரம்பில். வீட்டுக்குக் கொடுக்கப் பயப்படுவதற்கு அந்த ஞாபகமும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. நலாக்சோன் கலந்த மாத்திரை. நாக்குக்கு அடியில் வைத்தால் நலாக்சோன் பெரிதாக ஒன்றும் செய்யாது. கரைத்து ஊசியில் ஏற்றினால் உடம்பு முறுக்கல் வந்துவிடும்.

2005-க்கும் 2008-க்கும் இடையில் ஒய்.ஆர்.ஜி. கேர் ஆய்வாளர்கள் சென்னையில் ஊசி போடுகிற 1,158 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தக் காலத்துக்குள் 85 பேர் செத்துப்போனார்கள். சாவுக்கு முதல் காரணம் எய்ட்ஸ்கூட இல்லை, அளவுக்கு மீறி மருந்து ஏறியது. இது எண்ணுகிற ஆய்வு, நன்றாகவே எண்ணினார்கள். இந்த எண்ணிக்கையை மறந்துவிட்டு ஆராய்ச்சி என்றாலே அயோக்கியத்தனம் என்று நம்மில் சில தோழர்கள் பேசுவது எனக்குச் சம்மதம் இல்லை. 2019-இல் எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு, நாட்டில் ஏறக்குறைய 77 லட்சம் பேருக்கு அபினி வகைப் போதையிலிருந்து மீள உதவி தேவைப்படுகிறது என்கிறது, ஊசி போடுகிறவர்கள் எட்டரை லட்சம். அத்தனை பேரும் தினமும் ஒரு வாசலில் வந்து நாக்கைத் தூக்கிக் காட்ட முடியுமா?

பிரான்சில் 1996 முதல் சாதாரணக் குடும்ப டாக்டரே புப்ரிநார்பினை எழுதிக் கொடுத்தார், வீட்டுக்கு வாங்கிப் போனார்கள். கொஞ்சம் கைமாறியது, உண்மை. ஆனால் சில வருஷத்துக்குள் போதை மிகைச் சாவு ஐந்தில் நாலு பங்கு குறைந்தது. அமெரிக்காவில் மெத்தடோன் குடிக்கத் தினமும் கியூவில் நிற்பவர்கள் அதைத் திரவ விலங்கு என்று சொல்வார்கள். அங்கேயும் 2020-இல்தான் விலங்கைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். கேட்டு எழுதிய ஆய்வுகள் குவிந்தன. வேலைக்குப் போக முடிந்தது, பிள்ளையைப் பள்ளியில் விட முடிந்தது என்று சொன்ன வாய்மொழிகள் அவை. 2024-இல் விதியை நிரந்தரமாக்கினார்கள். ஒரு மாதம் சிகிச்சையில் இருந்தவருக்கு 28 நாள் மருந்துவரை கையில் கொடுக்கலாம். பஞ்சாபிலும் 2020-இல் வீட்டுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆக, கேட்டு எழுதுகிற ஆய்வுக்கு அதிகாரம் உண்டு. அது கதவைத் திறக்கும், எங்கள் அறிக்கை மாதிரி பூட்டையும் போடும். அதனால்தான் அதன் தரம் பேராசிரியர்களின் சமாச்சாரம் மட்டும் இல்லை என்கிறேன்.

அண்ணனின் வார்த்தையைப் பாதியாக்கியது யாருடைய தவறு என்று கேட்டால், படிவத்தைக் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் விரும்பவில்லை. ரோசலின் பார்பர் 2001-இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எச்சரித்தார்: இந்த உத்தி செய்தேன், அந்த உத்தி செய்தேன் என்று பட்டியலைக் காட்டுவதால் மட்டும் ஆய்வு கறாராகிவிடாது என்று. படிவம் வருவதற்கு ஆறு வருஷம் முன்னால்! படிவம் கண்ணாடி மாதிரி. அதில் முகம் பார்க்காமல் அதையே முகமாக மாட்டிக்கொண்டால் அது என்ன செய்யும்?

ஆகவே, எவனாவது ‘வீட்டுக்கு மருந்து’ ஆய்வு என்று ஒன்றைக் கொண்டுவந்தால் நான் முதலில் கேட்பது, எந்தக் கட்டடத்தில் வைத்துப் பேசினீர்கள்? மருந்து கொடுக்கிற கை, பேட்டிக் காகிதத்தைத் தொடுமா? தொடும் என்றால் மிச்சத்தைப் படிக்க வேண்டாம். பிறகு, கேட்டவர் எந்தத் தெரு, என்ன சாதி, அதை எதிரே இருந்தவர் தெரிந்துகொண்டாரா, தெரிந்த பிறகு பேச்சு எப்படி மாறியது. ‘இன்னா’, ‘குந்து’, ‘வூடு’ எல்லாம் எங்கே போயின? ஏனென்றால் மெட்ராஸ் பாஷையைத் துடைக்கும்போது கூடவே அவனுடைய கோபத்தையும் துடைத்துவிடுகிறீர்கள். அப்புறம், எழுதியதை அவனிடம் திரும்பப் படித்துக் காட்டினீர்களா? இதுவும் அந்த 32-இல் இருக்கிறது. ‘திருப்பி அனுப்பப்பட்டது’ என்று டிக் அடித்தோம். எந்த மொழியில்? இங்கிலீஷில். எந்த விலாசத்துக்கு? இடித்துப்போட்ட வீட்டின் விலாசத்துக்கு.

பெண்கள் எங்கே என்றும் கேட்பேன். இருபத்திரண்டு பேரும் ஆண்கள். ஊசி போடுகிற பெண்கள் இந்த ஊரில் இல்லையா? இருக்கிறார்கள், மையத்துக்கு வந்தால் என்ன பேர் கிடைக்கும் என்று தெரிந்து வராமல் இருக்கிறார்கள். அது ஒரு பக்கம். மருந்து வீட்டுக்கு வந்தால் அதைக் காவல் காப்பது யார்? ‘குடும்ப ஆதரவு’ என்று அறிக்கை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டதே, அது அண்ணியின் இடுப்பு. ராத்திரி மூன்று மணிக்கு ‘குடுடி இன்னொண்ணு’ என்று கேட்கிற புருஷனிடம் இல்லை என்று சொல்லி அடி வாங்கிய உடம்பு. ஆஸ்பத்திரியின் காவல் வேலையைச் சம்பளமில்லாமல் எங்கள் பெண்களின் தலையில் கட்டுகிற சிகிச்சை முறை இது என்ற விமர்சனம், மருந்தை வீட்டுக்குக் கொடு என்று கேட்கிற நமக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக அந்த ‘வீடு’. வீட்டுக்கு மருந்து வேண்டுமென்றால் நிலையான வீடு வேண்டும், பூட்டுகிற இடம் வேண்டும், பொறுப்பான உறவு வேண்டும். இவை இருந்தால் ‘நிலைப்பட்டவர்’. யார் வீட்டை இடித்தார்களோ அவர்களே வந்து, உனக்கு நிலையான வீடு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். குடிசை மாற்று வாரியம் 2021-இல் பேரை மாற்றிக்கொண்டது, இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். வாழ்விடம்! 2022 மே மாதம், மயிலாப்பூர் பக்கத்தில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரை இடிக்க வந்தபோது ஒரு பெரியவர் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு செத்தார். வீடு என்றால் என்ன என்று அவரைவிட ஆழமாக எந்த ஆய்வேடு விளக்கும்? ஆனால் அவர் ஒரே ஒருத்தர், மாதிரி அளவு போதாது. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் வந்தபோதும் மாதிரி அளவு ஒன்றுதான்.

போன மாதம் நான் பங்கேற்பாளர் 14-இன் எழுத்துப் பிரதியைத் தமிழில் எடுத்துக்கொண்டு பெரும்பாக்கம் போனேன். அலுவலகத்துக்குத் தெரியாது. லிப்ட் ஓடவில்லை, ஆறு மாடி ஏறினேன். படிக்கட்டில் குந்திக்கொண்டு படித்துக் காட்டினேன். அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். பீரோ வந்த இடத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். “பீரோ வாங்கிக் குடுன்னு கேட்டிருக்கலாம் நீ” என்றார் அண்ணி. படித்து முடித்த பிறகு, “என்னைய யாரும் ஒண்ணும் கேக்கல” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அண்ணன் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டேய், இந்த ‘மேடம்’லாம் எடுத்துடேன். அசிங்கமா கீது.”

எடுக்க மாட்டேன் என்றேன். கீழ்வீட்டுப் பையனுக்குக் கொடுத்த இரண்டு மாத்திரையைச் சேர்க்கவா என்று கேட்டேன். யோசித்தார்.

“மருந்து கையில குடுக்க ஆரம்பிக்கட்டும். அப்பால எழுது.”

விடிந்தால் திங்கட்கிழமை. ஆறரை மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று படுக்கப் போய்விட்டார்.